அது பெரெட்டாவா, டாரஸா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒரு போலீஸ் வெப் சீரீஸில் இன்ஸ்பெக்டர் வைத்திருக்கும் பிஸ்டலின் மேல்பக்கம் திறந்து பேரல், அதாவது குண்டு போகும் குழல், வெளியே தெரிகிறதாம். இவர் பெரெட்டா 92 என்கிறார், நண்பர் டாரஸ் பி.டி.92 என்கிறார். இணையத்தில் இரண்டின் படத்தையும் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றனவாம். திரையில் பார்த்தே பிரித்துச் சொல்ல முடியுமா, நம் ஊர் போலீஸ் நிஜமாகவே இதை வைத்திருக்கிறார்களா என்பது கேள்வி. இரண்டு பெயரில் எது சரி என்று கேட்பது போல இருந்தாலும், எந்த அடையாளத்தைக் காட்டினால் நண்பர் வாயடைப்பார் என்பதுதான் தம்பிக்கு உண்மையில் வேண்டியது. அப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

நான் ராணுவத்தில் இ.எம்.இ. என்ற தொழில்நுட்பப் பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக, இருந்தவன். செகந்திராபாத்தில் டிரேட் படித்து, பிறகு ஒர்க்‌ஷாப் பெஞ்சிலேயே காலம் தள்ளியவன். ரிட்டயர் ஆன பிறகு கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். என் கையில் அதிகம் பழகியது நம் நாட்டு 9 எம்எம் 1ஏ பிஸ்டல். பெரெட்டா எங்கள் யூனிட்டின் ஆயுதமாக இருந்ததில்லை. அதனால் அதைப் பற்றி நான் சொல்வது பெரும்பாலும் மேனுவலும் பார்ட்ஸ் படமும் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆனால் ஒரு பிஸ்டலை எங்கே பார்க்க வேண்டும் என்ற பழக்கம் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான்.

முதலில் குடும்பம். ஸ்லைடு என்பது சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பாகம். அதன் மேல்பக்கம் வெட்டப்பட்டு பேரல் வெயிலில் கிடப்பது இத்தாலியின் பெரெட்டா கம்பெனியின் பழைய கைவேலை. முதல் உலகப் போர்க் காலத்துப் பிஸ்டல்களிலிருந்தே அவர்கள் அப்படித்தான் செய்து வந்தார்கள். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சுட்ட பிஸ்டலும் அந்தக் கம்பெனியின் 1934 மாடல்தான், மேல் திறந்த ஸ்லைடு கொண்டது. அளவில் சிறியது, தோட்டா அடைக்கும் மேகசினில் 7 ரவுண்டு. 92 வரிசை 1970களின் நடுவில் வந்தது. பெரிய உடம்பு, 9 எம்எம் தோட்டா, 15 ரவுண்டு. 1985இல் அமெரிக்க ராணுவம் இதை எம்9 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த ஹாலிவுட் ஆக்‌ஷன் படங்களில் பாதியில் இதுதான். பேரல் வெளியே தெரியும் இன்னொன்று ஜெர்மனியின் வால்தர் பி38. அதில் பேரல் ஸ்லைடைத் தாண்டி முன்னால் நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கும், உடம்பும் ஒல்லி. ஒருமுறை பார்த்துவிட்டால் குழப்பம் வராது.

டாரஸ் எங்கிருந்து வந்தது? பிரேசில் ராணுவத்துக்குப் பிஸ்டல் செய்து கொடுக்க பெரெட்டா அங்கே சாவோ பாவ்லோவில் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தது. காண்ட்ராக்ட் முடிந்தபின் 1980இல் அதை டாரஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது. மெஷினும் வரைபடமும் இருந்தன, ஆட்களும் இருந்தார்கள். அதே பிஸ்டல் பி.டி.92 ஆகிவிட்டது. அதனால் நண்பர்கள் இருவரும் சண்டை போடுவதில் தப்பே இல்லை, பிறந்த வீடு ஒன்றுதான். வித்தியாசம் எங்கே விழுந்தது என்றால், டாரஸ் வாங்கியது 92இன் ஆரம்ப வடிவம். இத்தாலியில் பெரெட்டா அதைத் திருத்திக்கொண்டே போனது. அந்தத் திருத்தங்களில் திரையில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒன்றே ஒன்று: தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி லீவர் இருக்கும் இடம்.

92 வரிசையில் பின்னால் வந்த பெரெட்டா 92எஃப்எஸ்ஸில் சேஃப்டி ஸ்லைடில் இருக்கிறது. பின்கோடியில், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமருக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து எடுத்த ஷாட்டில், இருட்டில் வெறும் நிழலாகத் தெரிந்தால்கூட அந்த இரண்டு சிறகும் தெரியும். டாரஸ் பி.டி.92இல் சேஃப்டி ஸ்லைடில் இல்லை. கீழே ஃபிரேமில், அதாவது அசையாத அடிப்பாகத்தில், கைப்பிடி தொடங்கும் இடத்தில், கட்டைவிரல் படியும் மட்டத்தில் இருக்கிறது. ஸ்லைடின் பின்கோடி வழவழவென்று நேராக முடியும். வலது கைக்காரர் பிஸ்டலைப் பிடித்து, இடப்பக்கம் நமக்குத் தெரிகிற ஷாட்டில் படத்தை நிறுத்துங்கள். லீவர் கட்டைவிரலுக்கு மேலே தெரிந்தால் பெரெட்டா. கட்டைவிரலுக்கு அடியில் மறைந்தோ விரலோடு ஒட்டியோ இருந்தால் டாரஸ். ஆள் திரையின் இடப்பக்கம் நோக்கிக் குறிவைக்கும்போது இந்தப் பக்கம் கிடைக்கும்.

லீவரின் திசையையும் கவனித்தால் இன்னும் சுவாரஸ்யம். பெரெட்டாவில் லீவர் மேலே இருந்தால் சுடும், ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். கீழே தள்ளினால் சேஃப்டி, அப்போது ஹேமரும் தானாகவே இறங்கிவிடும். டாரஸில் தலைகீழ்: மேலே தள்ளினால் சேஃப்டி, கீழே இருந்தால் சுடும். 1990களுக்குப் பிறகு வந்தவற்றில் இன்னும் ஒரு படி கீழே அமுக்கினால் ஹேமர் இறங்கும். இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. ஸ்லைடில் சிறகு கீழே இறங்கியிருக்கிறது, ஆனால் ஹேமர் பின்னால் இழுபட்டு நிற்கிறது என்றால், அது ஒழுங்காக வேலை செய்யும் 92எஃப்எஸ் ஆக இருக்க முடியாது. அந்த நிலையில் ஹேமர் நிற்கவே நிற்காது. பொம்மையில் நிற்கும். டாரஸில் ஹேமர் பின்னால், லீவர் மேலே என்பது சாதாரணமாக வைத்துக்கொள்ளும் நிலை. எத்தனை படத்தில் ஹீரோ சேஃப்டி போட்ட பெரெட்டாவை வைத்துக்கொண்டு பத்துப் பேரைச் சுட்டுத் தள்ளுகிறார் என்று இனிமேல் உங்கள் கண்ணில் படத் தொடங்கும். மன்னித்துக்கொள்ளுங்கள், படம் பார்க்கும் சந்தோஷம் கொஞ்சம் போகும்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது ஊகம்? மேல் திறந்த பெரிய பிஸ்டல், சேஃப்டி ஸ்லைடில் இருக்கிறது: பெரெட்டா 92 வடிவம், இது உறுதி. சேஃப்டி ஃபிரேமில் இருக்கிறது: கிட்டத்தட்ட டாரஸ் வடிவம். "கிட்டத்தட்ட" என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதல்முதலில் வந்த பெரெட்டா 92இலும் சேஃப்டி ஃபிரேமில்தான் இருந்தது. அவை கொஞ்சம்தான் செய்யப்பட்டன, திரையில் வருவது அபூர்வம். வந்தால், மேகசினை விடுவிக்கும் பொத்தான் டிரிக்கருக்குப் பின்னால் இல்லாமல் கைப்பிடியின் அடிக்கோடியில் இருக்கும். டாரஸும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தது என்பதால் அந்த இடத்தில் பந்தயம் கட்ட வேண்டாம். கைப்பிடியில் பெரெட்டாவுக்கு மூன்று அம்பு முத்திரை, டாரஸுக்குக் காளைத் தலை. ஆனால் கிரிப் பிளேட் ஸ்குரூவில் நிற்பது. கழற்றி வேறு மாட்ட ஐந்து நிமிடம் ஆகாது. முத்திரையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். டிரிக்கர் கார்டின் முன்பக்கம் உருண்டையா, உள்ளே வளைந்து சதுரமா என்பதும் அப்படியே. பழைய பெரெட்டா உருண்டை, 92எஃப் தொடங்கி வளைவு. அது பெரெட்டாவுக்குள்ளேயே காலத்தைச் சொல்லும், அண்ணன் தம்பியைப் பிரிக்காது.

92எஃப்பா 92எஃப்எஸ்ஸா என்று யாராவது திரையைப் பார்த்து அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கச் சோதனைகளில் சில ஸ்லைடுகள் உடைந்து பின்பாதி சுடுபவர் முகத்துக்கு வந்தது. அதைத் தடுக்க ஹேமர் பின்னின் தலையைப் பெரிதாக்கினார்கள், அதுதான் 92எஃப்எஸ். அந்தத் தலை கையில் வைத்துப் பார்த்தால் தெரியும், பத்தடி தூரத்துக் கேமராவில் தெரியாது. எம்9, 92எஃப்எஸ் இரண்டையும் பிரிக்க ஸ்லைடின் எழுத்தையோ சைட்டின் வெள்ளைப் புள்ளிகளையோ பார்க்க வேண்டும். எம்9இன் பின்சைட்டில் அரைவட்டக் கோடு இருக்கும், 92எஃப்எஸ்ஸில் மூன்று புள்ளி. இதெல்லாம் முகத்துக்கு நேரே எடுத்த குளோசப் கிடைத்தால்தான்.

இனி பெரிய விஷயம். நம் ஊர்ப் படங்களில், மாடல் எது என்பதற்கு முன்னால், அது துப்பாக்கியா என்றே கேட்க வேண்டும். ஒகேனக்கல் பக்கம் ஷூட்டிங் வந்த ஒரு குழுவில் ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் ஒருவர் தெரிந்தவர் மூலமாக அறிமுகமாகி, தன் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். மேலே ஃபைபரில் வார்த்த டம்மிகள். தூக்கினால் காற்று. ஸ்லைடும் பேரலும் ஒரே வார்ப்பு, நடுவே இருக்க வேண்டிய இடுக்கில் கறுப்புப் பெயின்ட் கோடு. இது தூர ஷாட்டுக்கு, அடியாள் கைக்கு. அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தது ஹீரோவுக்கானது: கேஸில் ஓடும் ஏர்சாஃப்ட் பிஸ்டல், மெட்டல் ஸ்லைடு, கனமும் ஓரளவு சரி. வாய்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பேரலின் பெரிய ஓட்டைக்குள் கொஞ்சம் தள்ளி, பித்தளை நிறத்தில் இன்னொரு சின்னக் குழாய். 6 எம்எம் பிளாஸ்டிக் குண்டு போகிற வழி அது. வில்லன் கேமராவுக்கு நேரே பிஸ்டலை நீட்டும் ஷாட் எல்லாப் படத்திலும் வரும் அல்லவா? அங்கே நிறுத்திப் பாருங்கள். ஓட்டைக்குள் ஓட்டை தெரிந்தால் ஏர்சாஃப்ட். ஓட்டையே அடைத்திருந்தால் டம்மி, அல்லது வெறும் சத்தத்துக்கான பிளாங்க் பிஸ்டல். உள்ளே சுழல் வரிப்பள்ளம் தெரிந்தால்தான் நிஜப் பேரல் என்று பேச்சைத் தொடங்கலாம்.

சுடும் காட்சியில் ஸ்லைடைப் பாருங்கள். நெருப்பு வருகிறது, ஸ்லைடு அசையவில்லை என்றால் நெருப்பு கம்ப்யூட்டரில் போட்டது. ஸ்லைடு அசைகிறது, காலித் தோட்டா வெளியே வரவில்லை என்றால் கேஸ் பிஸ்டல். சில படங்களில் தோட்டாவையும் கம்ப்யூட்டரிலேயே வரைந்துவிடுகிறார்கள், அதனால் இது கல்லில் எழுதிய விதி இல்லை. கடைசி ரவுண்டு போனதும் ஸ்லைடு பின்னால் நின்றுவிடும் ஷாட் இன்னும் நல்லது. பிரவுனிங், கிளாக் வகைப் பிஸ்டலில் அப்போது பேரலின் வாய் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும், பேரலையும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டு அவற்றில் அப்படி வேலை செய்கிறது. பெரெட்டா 92இல் பேரல் நேராகப் பின்னால் போய் நேராக நிற்கும், சாயாது. பி38இலிருந்து எடுத்த பூட்டுக் கட்டை கீழே இறங்குவதால் அப்படி.

இந்த நேர் அசைவால்தான் பிளாங்க் ரவுண்டில் பெரெட்டா சிக்காமல் ஓடும் என்பார்கள். பிளாங்க்கில் குண்டு இல்லாததால் பின்னால் தள்ளும் விசை குறைவு. எந்தப் பிஸ்டல் அதில் ஒழுங்காக ஓடுமோ அதுதான் படத்தில் இடம்பிடிக்கும். பழைய ஹாலிவுட் படங்களில் .45 கோல்ட் 1911 என்று காட்டுவதில் பல, ஸ்பெயினில் செய்த 9 எம்எம் ஸ்டார் பிஸ்டல்கள். .45 பிளாங்க் தகராறு செய்ததால் மாற்றினார்கள். பின்கைப்பிடியில் 1911க்கு உள்ள அமுக்குச் சேஃப்டி ஸ்டாரில் இல்லை, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இதைவிடக் கூத்து, ஜேம்ஸ் பாண்ட் இரண்டாவது படத்துப் போஸ்டரில் ஷான் கானரி கன்னத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கும் நீளக் குழல் பிஸ்டல். போட்டோ எடுக்கும் நாளில் பாண்டின் வழக்கமான பிஸ்டலான வால்தர் பிபிகே வந்து சேரவில்லை. போட்டோகிராபர் தன்னிடமிருந்த வால்தர் ஏர் பிஸ்டலைக் கொடுத்தார். சுவரில் பலூன் சுடுகிற சாதி. உலகமே அதைப் பார்த்துப் பயந்தது.

ஷாட் திருப்பிப் போடப்பட்டதா என்றும் ஒரு கண் வைக்க வேண்டும். எடிட்டிங்கில் சில காட்சிகளை இடம் வலமாகப் புரட்டிவிடுவார்கள், பிஸ்டலும் புரண்டுவிடும். காலித் தோட்டா வெளியேறுவது வலப்பக்கம் என்பது 92க்கும் டாரஸுக்கும் பொது. இடப்பக்கம் வெளியேறினால் புரட்டியிருக்கிறார்கள். போலீஸ் படமென்றால் யூனிபார்மைப் பாருங்கள், மெடல் ரிப்பன் இடது மார்பில் இருக்க வேண்டும். சத்தத்தை மட்டும் ஒருபோதும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். கிளாக்கில் வெளியே ஹேமரே கிடையாது. ஆனாலும் நெற்றியில் வைக்கும்போது "கிளிக்" என்று ஹேமர் இழுக்கும் சத்தம் போட்டுவிடுவார்கள்.

நம் ஊர் போலீஸ் கேள்விக்கு வருகிறேன். இந்தியப் போலீஸ் படைகளில் பரவலாக இருப்பது இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்த பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ. இது பெல்ஜியத்தின் பிரவுனிங் ஹை-பவரை, இரண்டாம் உலகப் போரில் கனடாவின் இங்கிலிஸ் கம்பெனி செய்த வடிவத்தில் நாம் எடுத்துக்கொண்டது. 13 ரவுண்டு. ஸ்லைடு மூடியது, முன்கோடி கொஞ்சம் ஒடுங்கும், வெளியே ஹேமர் உண்டு, சேஃப்டி ஃபிரேமின் இடப்பக்கம் மட்டும். கைப்பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். மேகசினை எடுத்துவிட்டால் டிரிக்கர் வேலை செய்யாது, ஹேமரை இறக்க மறுபடி மேகசின் போட வேண்டும். ஆர்மரிக்கு வரும் புதுப் பையன்கள் முழிக்கும் இடம் அது. "மேகசின் உன் கையில், சேம்பரில் இருக்கும் ஒரு ரவுண்டு என் கையில்" என்று, பேரலின் பின்கோடியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் தோட்டாவை நம்பி வசனம் பேசிச் சுடும் காட்சி 1ஏ பிஸ்டலில் நடக்காது. பெரெட்டாவில் நடக்கும், அதில் அந்தத் தடை இல்லை. பல படைகளில் கிளாக்கும் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பெல்ட்டில் பெரெட்டாவோ டாரஸோ நம் பக்கத்து வழக்கம் அல்ல. 9 எம்எம் தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட குழல் அளவு (போர்) வகை என்பதால், கதையில் ஒரு கிரானைட் முதலாளி "லைசென்ஸ் பெரெட்டா 92" வைத்திருப்பதும் இடிக்கும். லைசென்ஸில் கிடைப்பது பெரும்பாலும் .32 பிஸ்டல், ரிவால்வர். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வரிசையில் நிற்பவர்கள் கையில் அதையோ 12 போர் துப்பாக்கியையோதான் பார்க்கலாம். அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கத்து நாட்டுத் துப்பாக்கி தனிக்கதை. அதைப் படத்தில் சரியாகக் காட்டுபவர்கள் ரொம்பக் குறைவு, மருந்து இடித்துக் கெட்டிக்கும் குச்சியையே மறந்துவிடுகிறார்கள்.

இப்போது தம்பி சொன்ன காட்சி. ஸ்லைடின் பின்பக்கம் நேராக இருக்கிறது, இன்ஸ்பெக்டரின் கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ லீவர் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது சரியாக இருந்தால் வடிவம் டாரஸ் பி.டி.92, நண்பருக்கே வெற்றி. அசல் பிரேசில் பிஸ்டலா என்பது வேறு கேள்வி. டாரஸ் உருவத்தில் கேஸ் பிஸ்டலும், பிபி எனும் சின்ன உருண்டைக் குண்டு பிஸ்டலும் தாராளமாக விற்கின்றன, நம் செட்டில் அது இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உறுதியாகச் சொல்ல எனக்கு மூன்று ஃபிரேம் வேண்டும்: வாய்ப்பக்கம் நேராகத் தெரிவது, ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்பது, வலப்பக்கம் முழுதாகத் தெரிவது. வலப்பக்கத்தில் டிரிக்கருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஃபிரேமுக்கு வெளியே ஒரு மெல்லிய கம்பித்தகடு ஓடும். டிரிக்கரை இழுத்தால் அது முன்னால் நகரும். டம்மியில் அது வெறும் வார்ப்புக் கோடாக இருக்கும், நகராது. டிரிக்கர் இழுக்கும் ஷாட் இருந்தால் அதையே முதலில் அனுப்புங்கள்.

கடைசியாக, ஷார்ட் ஃபிலிம் எடுக்க இதே மாதிரி ஒன்று வாங்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தார். ரோட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ எடுப்பதாக இருந்தால், முன்கூட்டியே உள்ளூர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு எடுங்கள். நான் சொன்ன ஓட்டைக்குள் ஓட்டையை எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் கான்ஸ்டபிளால் பார்க்க முடியாது.